சளியின் நிறம்

என் வீட்டுக்காரர் திட்டுவதை நிறுத்திவிட்டால் எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். காபியில் சர்க்கரை போதவில்லை, மோட்டாரை நிறுத்த இவ்வளவு நேரமா, செருப்பை யார் நடைவழியில் கழற்றிப் போட்டது என்று எழுந்த நேரத்திலிருந்து ஏதாவது ஒன்றுக்கு அவர் வாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அந்த வாய்க்குப் பயந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நின்று அழுதிருக்கிறேன். இப்போது அந்த வாய் ஓடினால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது. திட்டுவதற்கு மூச்சு வேண்டுமே. நுரையீரல் கெட்டுப்போன மனிதருக்கு அது சும்மா கிடைக்கிற பொருள் இல்லை.

அவர் ஒன்றும் சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டுக் கட்டில் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்துவிட்டால் நான் அடுப்பை அணைத்துவிடுவேன். அவர் துப்பி வைத்திருக்கும் வெள்ளை டப்பாவை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவுக்குப் போவேன். அங்கேதான் காலை வெயில் மறைப்பில்லாமல் விழும். மூடியைத் திறந்து சளியின் நிறத்தைப் பார்ப்பேன். வெள்ளையாக இருந்தால் அன்றைக்கு ஒன்றும் இல்லை. மஞ்சள் ஓடியிருந்தால் சாயங்காலம் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பச்சை என்றால் மாத்திரைப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்தபோது இப்படி ஒரு வேலையும் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால், அப்போதே பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு களை வெட்டப் போயிருப்பேன்.

நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் காடு. கிணறு வற்றிய பிறகு வெள்ளாமையை நம்ப முடியாது என்று மாமனார் காலத்திலேயே கோழி ஷெட் போட்டுவிட்டார்கள். எல்லாம் முட்டைக்கோழி. ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு புங்கமரம் நிற்கிற இடம்தான் இடைவெளி. மக்காச்சோளத்தை அரைத்து, கருவாட்டுத் தூளும் சுண்ணாம்புக்கல் மாவும் கலந்து தீவனம் தயாரிப்பதை என் வீட்டுக்காரர் யாரிடமும் விடமாட்டார். ஆள் இருந்தாலும் கிட்டே நின்று பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. மெஷின் ஓடும்போது உள்ளே நிற்கிறவர் முகம் தெரியாது. வெளியே வந்தால் புருவமெல்லாம் மாவு பூத்திருக்கும். கோழி எருவின் நெடி வேறு கண்ணைக் கரிக்கும்.

"மூக்குல ஒரு துணியாச்சும் கட்டிக்கங்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"கோழியே சும்மாத்தான் நிக்குது. எனக்கென்ன கேடு?" என்பார்.

இளவயதில் பீடிப் பழக்கமும் இருந்தது. மகள் பிறந்ததும் விட்டுவிட்டார். விட்ட பீடியும் விடாத மாவும் சேர்ந்துதான் இந்த வேலையைச் செய்தன என்று பின்னால் அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா சொன்னார்.

கோழி வளர்ப்பு தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். கோழிகளுக்குத் தனித்தனியாக வைத்தியம் பார்க்க முடியாது. நாலு கோழி கொர்கொர் என்று மூச்சு விட்டால் அந்த நாலைப் பிடித்து மருந்து ஊட்டுவதில்லை. தண்ணீர் டேங்கில் மருந்தைக் கலந்து ஷெட் முழுக்கக் குடிக்க விட்டுவிடுவார்கள். அதற்கு இங்கே கோர்ஸ் என்று பெயர். விவரமான பண்ணைக்காரர் அந்தச் சத்தம் கேட்கும்வரைகூடக் காத்திருக்க மாட்டார். ஐப்பசி மழைக்கு முன்னால், மார்கழிப் பனிக்கு முன்னால், கோழியை இடம் மாற்றுவதற்கு முன்னால் என்று முந்திக்கொண்டு கோர்ஸ் கொடுத்துவிடுவார். சத்தம் அடங்கியதும் பாதியில் நிறுத்தி, மீதி மருந்தைப் பத்திரமாக மூடி வைப்பார். ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கத்து டீக்கடையில் இரண்டு பண்ணைக்காரர்கள் பார்த்துக்கொண்டால் முதல் பேச்சே "கோர்ஸ் ஓட்டிட்டீங்களா?" என்பதுதான். "ஓட்டியாச்சுங்" என்று பதில் வந்தால் அவன் கெட்டிக்காரன்.

செத்த கோழியை என் வீட்டுக்காரர் அப்படியே குழியில் போட்டதில்லை. புங்கமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கீறி உள்ளே பார்ப்பார். மூச்சுக்குழாயில் சளி, ஈரலில் புள்ளி, குடலில் ரத்தம் என்று எது தெரிந்தாலும் சரி, அவர் முகம் தெளிந்துவிடும். இன்ன வியாதிக்கு இன்ன மருந்து என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சில நாள் கீறிப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கோழி செத்திருக்கும், உள்ளே எல்லாம் இருக்கிறபடி இருக்கும். அன்றைக்குக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "உள்ள சுத்தமா இருக்குது புள்ள" என்று மட்டும் சொல்வார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு வேண்டாம். மருந்து இருக்கிற வியாதியைக் கண்டு அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை.

அவருக்கே மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, வயசாச்சு என்றோம். தீவன மூட்டை தூக்கினால் யாருக்குத்தான் வாங்காது என்றோம். ஒரு வருஷம் இருமல் நிற்கவேயில்லை. மகள் கோயமுத்தூரிலிருந்து வந்து சத்தம் போட்டுத்தான் நாமக்கல்லில் நுரையீரல் டாக்டரிடம் போனோம். சின்ன வயது அம்மாள். ஊதச் சொன்னார், படம் எடுத்தார், எங்கள் இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். இது ஆஸ்துமா இல்லை, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் மட்டும், "என்ன மருந்துங்க?" என்று கேட்டார். மருந்து என்று ஒன்று இருந்தால் அவருக்குப் போதும்.

டாக்டரம்மா மருந்தை இரண்டு விதமாகக் கொடுத்தார். ஒன்று தினமும் காலையும் மாலையும் காப்சூலைக் கருவிக்குள் போட்டு உறிஞ்சுவது. இன்னொன்று வீட்டிலேயே வைத்துக்கொள்ள ஒரு பொட்டலம். அதில் ஸ்டீராய்டு மாத்திரை கொஞ்சம், ஆன்டிபயாடிக் மாத்திரை கொஞ்சம். நாங்கள் உள்ளே தள்ளி இருக்கிறோம், ஓடி வர நேரமாகும் என்பதற்காகக் கொடுத்தது.

"திடீர்னு முந்தின நாளைவிட மூச்சு மோசமாகி, சளியும் பச்சையாச்சுன்னா மட்டும் இதை ஆரம்பிங்கம்மா. ஆரம்பிச்சா எனக்கு போன் பண்ணிடுங்க. முழுசா முடிங்க, பாதியில நிறுத்தக் கூடாது. ரெண்டு நாள்ல தெளியலைன்னா இங்க வந்துடணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஆண்களிடம் சொல்லிப் பயனில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

உறிஞ்சுகிற மருந்தை இவர் ஒருநாளும் மதிக்கவில்லை. "தொண்டையில ஒண்ணுமே தெரியல. காத்தக் குடிக்கறதுக்கு ஒரு மிஷினு" என்பார். நான் நினைவுபடுத்தினால் உறிஞ்சுவார், இல்லாவிட்டால் இல்லை. அது வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பொட்டலம் வேலை செய்ததைக் கண்ணால் பார்த்துவிட்டோம்.

முதல் மார்கழியில் பார்த்தோம். ஆற்றுப் பக்கத்திலிருந்து வருகிற பனியும், வெல்லம் காய்ச்சுகிற கரும்பாலைகளின் புகையும் சேர்ந்து கீழேயே நின்ற ஒரு காலையில் அவர் பாத்ரூமிலிருந்து கட்டிலுக்கு வர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உதடு நாவல்பழ நிறத்துக்குப் போனது. டப்பாவைப் பார்த்தேன், பச்சை. பொட்டலத்தைப் பிரித்தேன், டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். அடுத்த நாளே ஆள் எழுந்து உட்கார்ந்தார். அதற்கடுத்த நாள் இரண்டு தட்டுச் சோறு கேட்டார். ஷெட்டைச் சுற்றி வந்தார். கோழி தண்ணீர் குடிக்கிற நிப்பிளில் தண்ணீர் ஒழுகுவதை ஒருத்தனும் பார்ப்பதில்லை என்று பண்ணை முழுக்கக் கேட்கும்படி திட்டினார். என்னைப் பார்த்து, "என்ன புள்ள, புதுச்சேலையா?" என்றார். அது பழைய சேலைதான். அவர் என் சேலையைப் பார்த்துக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

ஸ்டீராய்டு அப்படித்தான் செய்யுமாம். பசியைக் கிளப்பிவிடும், உடம்பில் ஒரு தெம்பைக் காட்டும். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு நான் சந்தோஷப்படாமல் இருந்திருக்க மாட்டேன். போனது திரும்பாது என்று சொன்னார்களே, இதோ திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்து ஊறுகாய் கேட்கிறாரே என்று இருந்தது.

அப்புறம் அவர் பண்ணைக்காரர் புத்தியைக் காட்டிவிட்டார். இழுப்புச் சத்தம் அடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட்டு மீதியை எடுத்து வைத்துக்கொண்டார். டவுனில் ஒரு மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி இன்னும் வாங்கிக்கொண்டார். ஐப்பசிக்கு முன்னால் கோழிக்கு ஒன்று, தனக்கு ஒன்று. கல்யாணத்துக்குப் போக வேண்டுமா, முந்தின நாளே ஒன்று. மாரியம்மன் நோம்பிக்குச் சொந்தபந்தம், ஒறம்பரை என்று வருகிறார்களா, அதற்கு ஒன்று. சளி வெள்ளையாக இருக்கும்போதே விழுங்கினார்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க, நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "வந்த பொறவு பாக்கறவன் வைத்தியன். வராம பாக்கறவன் பண்ணைக்காரன். தெரிஞ்சுக்க" என்பார்.

நான் சண்டை போட்டேன். ஆனால் ஒவ்வொரு கோர்ஸுக்கும் பிறகு எழுந்து நடமாடுகிற மனிதரைப் பார்த்தால் என் சண்டை பாதியிலேயே செத்துவிடும். ஊரும் அவர் பக்கம்தான். மாத்திரையால் முகம் உப்பி, கன்னம் உருண்டு வந்தது. கல்யாண மண்டபத்தில் மாமன் மச்சான்கள் எல்லாம், "மாப்ள கன்னம் வெச்சுட்டாப்ல, இனி கவலையில்ல" என்றார்கள். ஊட்டத்தால் வந்த கன்னம் என்று எனக்குப் பாராட்டு வேறு. சட்டையைக் கழற்றினால் கையெல்லாம் சும்மா உரசினதுக்கே கருநீலமாகக் கன்றியிருப்பதை நான் மட்டும்தான் பார்த்தேன். கொஞ்ச நாளில் சர்க்கரை வியாதியும் வந்து சேர்ந்தது. காபிக்குச் சர்க்கரையை அரைக் கரண்டியாகக் குறைத்ததற்குத் தினமும் எனக்குத் திட்டு விழுந்தது.

பிறகு ஒரு தை மாதம் நோய் நிஜமாகவே வந்தது. பொங்கல் முடிந்து பொங்கல் பானைகூட இன்னும் பரணுக்கு ஏறவில்லை. காய்ச்சல், இழுப்பு, பச்சைச் சளி. பொட்டலத்தைப் பிரித்தேன். மறுநாள் எழுந்து உட்காருவார் என்று காத்திருந்தேன். உட்காரவில்லை. அதற்கு மறுநாள் என்னை மகள் என்று நினைத்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர் கை என் வளையலை விடவேயில்லை. வளையல் உடைந்து என் மணிக்கட்டில் கீறியதுகூட ஆஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரிந்தது.

முகத்தில் இறுக்கமான மாஸ்க் போட்டு மெஷின் வழியாகக் காற்றை உள்ளே தள்ளினார்கள். வீட்டில் என்னென்ன மாத்திரை இருந்தது, எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். மகள் போய் எடுத்துவந்து மேஜையில் கொட்டினாள். பாதிப் பாதியாகப் பிய்த்த அட்டைகள். அந்த அம்மாள் அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "கோழிப் பண்ணைதானேம்மா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். எங்களைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

சளியைச் சோதித்ததில், நாங்கள் வைத்திருந்த மருந்து எதற்கும் அந்தக் கிருமி அசையாது என்று வந்தது. ஊசி மருந்து போட்டார்கள். மாஸ்க்கைக் கழற்றிய நாளில் டாக்டரம்மா கட்டிலோரம் உட்கார்ந்து பொறுமையாக அவருக்கு விளக்கினார். அரைகுறையாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கிருமிக்கு மருந்து பழகிவிட்டது என்றார். பழகிவிட்டது என்ற சொல்லைக் கேட்டதும் இவர் கண்ணை மூடிக்கொண்டார். ஏனென்றால் அது அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஒரே மருந்தை ஓட்டினால் ஷெட்டுக்குப் பழகிவிடும் என்று மற்ற பண்ணைக்காரர்களுக்கு அவர் வாயாலேயே சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

"கோழிக்குப் பழகிப்போச்சுன்னா ஷெட்டுக் கோழி அத்தனையும், பேட்சயே மாத்திருவோமுங்க" என்றார் டாக்டரிடம், ஒவ்வொரு சொல்லாக. "எனக்கு எதைங்க மாத்தறது?"

டாக்டரம்மா குனிந்து ஊசிக் குழாயைச் சரிசெய்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அது நிறைந்து வழிகிறவரைக்கும் குழாயடியில் நின்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் இருமும்போது முதுகில் ஏதோ நொறுங்கின மாதிரி கத்தினார். எலும்பு மெலிந்துபோய் முதுகெலும்பில் ஒன்று அமுங்கிவிட்டது. அதுவும் அந்த மாத்திரையின் கைங்கரியம். அதற்குப் பிறகு அவர் சட்டையெல்லாம் நீளமாகிவிட்டது. சட்டை அப்படியே இருக்கிறது, ஆள்தான் குறைந்துவிட்டார் என்று புரிந்துகொள்ள எனக்குச் சில நாள் ஆனது. தூசி ஆகவே ஆகாது என்று சொல்லிவிட்டதால் முட்டை ஓய்ந்த கோழிகளை லாரியில் ஏற்றிய பிறகு புதுக்குஞ்சு இறக்கவில்லை. கோழியை ஏற்றும் அன்று ஜன்னலோரம் உட்கார்ந்து, கூண்டைப் பிடிக்கத் தெரியவில்லை, இறக்கை ஒடிகிறது என்று ஏற்றுகிற ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தார். பாதி வாக்கியத்துக்கு மேல் போகவில்லை. மீதியை நான் வெளியே வந்து சத்தமாகச் சொன்னேன்.

டாக்டரம்மா இன்னொரு பொட்டலம் கொடுத்தார். இந்த முறை அதை என் கையில் வைத்து மூடினார். "வாய் வழியா இவருக்குக் கேக்கற மருந்து இது ஒண்ணுதாம்மா. நான் சொல்லாம பிரிக்காதீங்க" என்றார். அதைக் கோழித் தடுப்பூசி வைக்கிற பழைய ஃபிரிட்ஜுக்கு மேலே, என் கைக்கு மட்டும் தெரிகிற இடத்தில் வைத்தேன். உறிஞ்சுகிற மருந்தை இப்போது ஒரு வேளைகூடத் தவறாமல் உறிஞ்சினார். இன்னும் முன்னாலேயே உறிஞ்சியிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்தப் பொட்டலத்தைச் சொன்னபடி சொன்ன நேரத்தில் பிரித்தோம், முழுசாக முடித்தோம். கேட்டது. மறுபடி ஒன்று வாங்கி வைத்தோம், அடுத்த தடவையும் கேட்டது. எல்லாம் சரியாகச் செய்தோம். ஆனால் இழுப்பு அடங்கி அவர் எழுந்தபோது விழுந்த இடத்துக்கு எழவில்லை, அதற்குக் கீழே எங்கேயோ எழுந்தார். கேட் வரைக்கும் போய் வந்தவர் அதற்குப் பிறகு புங்கமரத்தடி வரைக்கும்தான் போனார். அடுத்த தடவைக்குப் பிறகு புங்கமரத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. கரண்டு போனால் அது நிற்கக் கூடாது என்று ஷெட்டுக்கு வாங்கிய ஜெனரேட்டரிலிருந்து வீட்டுக்கு வயர் இழுத்தோம்.

என் தம்பி மகள் கல்யாணம் ஆத்தூரில் நடந்தது. அதற்கு முந்தின வாரம் அவர் என்னிடம் கெஞ்சினார். என்னைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து ஒரு தண்ணீர்ச் செம்பைக்கூட 'எடுத்துக் கொடு' என்றுதான் கேட்டிருக்கிறாரே தவிர கெஞ்சியதில்லை.

"ஒரே ஒரு தடவ புள்ள. மண்டபத்துல சித்த நேரம் ஒக்கோந்துட்டு வந்தர்றேன். அந்த மாத்தரயக் குடு."

"மாட்டனுங்க" என்றேன்.

"உன்ற பொறந்த ஊட்டு விசேசந்தான?"

"ஆரூட்டு விசேசமா இருந்தாலும் மாட்டனுங்க. அதும் கிருமிக்குப் பழகிப்போச்சுன்னா நான் எங்கீங்க போவேன்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல்யாணத்துக்கு மகள் மட்டும் போனாள். இவர் காலையிலிருந்து வாயைத் திறக்காமல் இருந்ததைப் பார்த்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கதவுக்கு ஓடினேன். வெள்ளைதான். திரும்பி வந்தால் அவர் தோள் குலுங்குகிறது. சிரிக்கிறார்.

"கோவத்துல பேசாம இருந்தாக்கூட... சளியப் பாக்கப் போயிருவியா?" என்றார். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு அவருக்கு இருமலாக முடிந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததில் எனக்கு நினைவிருக்கிற கடைசித் தடவை அதுதான்.

இந்த ஐப்பசியில் அவர் பேச்சு குறைந்தது. எந்த நாளில் என்று சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் மோட்டாரைப் பற்றிக் கேட்கவில்லை. ஒருநாள் மகள் போனில் பேசும்போது தலையை மட்டும் ஆட்டினார், போனில் தலையாட்டினால் அவளுக்கு எப்படித் தெரியும் என்றேன், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்தே தூங்குகிறார். ஒரு வாய் சோற்றுக்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் ஓய்வெடுக்கிறார். நான் காலையும் மாலையும் டப்பாவைப் பார்த்தேன். வெள்ளை. காய்ச்சலும் இல்லை.

டாக்டரம்மாவுக்கு போன் செய்து, பொட்டலத்தைப் பிரிக்கட்டுமா என்று கேட்டேன்.

"சளி நிறம் மாறியிருக்காம்மா?"

"இல்லீங்க."

"நேத்தைக்கும் இன்னிக்கும் ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

"நேத்தைக்கு இல்லீங்க. போன மாசத்துக்குத் தெரியுதுங்க."

போனில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். "அப்ப அந்த மாத்திரை வேண்டாம்மா. அது திடீர்னு கூடும்போது அடக்கறதுக்கு. இது அப்படி வந்தது இல்ல. நோயே இவ்வளவு தூரம் வந்துடுச்சு. கூட்டிட்டு வாங்க, மூச்சுத் திணறல் தெரியாம இருக்கறதுக்கு ஏதாவது பண்ணலாம்."

தெரியாமல் இருப்பதற்கு என்றார். குறைவதற்கு என்று சொல்லவில்லை. நான் சரிங்க, சரிங்க என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். ஃபிரிட்ஜுக்கு மேலே கையை விட்டுப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தேன். யாருக்கும் கொடுக்காமல், அவர் கெஞ்சியும் கொடுக்காமல் நான் காப்பாற்றி வைத்த மருந்து பிரிக்காமல் அங்கேயே இருந்தது. இதற்காகவா அந்தக் கல்யாணத்துக்கு அவரைப் போகவிடாமல் செய்தேன் என்று தோன்றியது. தலையிலடித்துக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் அவருக்குக் கேட்கும்.

இன்று காலை டாக்டரிடம் கிளம்ப வேண்டும். கார் வரச் சொல்லியிருந்தோம். அவர் கட்டில் விளிம்பில் கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தார். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவுக்குப் போனேன். மூடியைத் திறப்பதற்கு முன்னால் என் வாய் எதையோ முணுமுணுப்பது எனக்கே கேட்டது. பச்சையாக இருக்கட்டும் மாரியாத்தா, பச்சையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷமாக எந்த நிறத்தைக் கண்டு நடுங்கினேனோ அதைக் கேட்டு வேண்டினேன். பச்சை என்றால் கிருமி. கிருமி என்றால் அதற்கு என்னிடம் மருந்து இருக்கிறது.

வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது.

உள்ளே வந்தேன். அவர் கண்ணால் கேட்டார். பிறகு வாயாலும் கேட்டார். "என்ன... நெறம்?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மாத்திரையைக் கொடுத்தால் ஒரு நாளாவது தெம்பாக இருப்பார், சோறு கேட்பார். ஆனால் செத்த கோழியைக் கீறிப் பார்த்தே வாழ்நாளை ஓட்டியவரிடம் அந்தப் பொய் நிற்காது.

"வெள்ளதானுங்க" என்றேன்.

அவர் ஜன்னல் வழியாகப் புங்கமரத்தைப் பார்த்தார். "உள்ள... சுத்தமா... இருக்குது" என்றார். நான் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டுக் காபி போட்டேன். அதில் சர்க்கரை ஒரு துளிகூடப் போடவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை, ஒரு வார்த்தையாவது திட்டட்டும் என்று. டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரில் நின்றேன். அவர் நிறுத்தி நிறுத்தி, மூச்சு விட்டு மூச்சு விட்டு, முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினார்.